காரணம்: அண்ணன்

மேலக்கரம்பை அறிவழகன் வீட்டுக் கூடத்தில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தபோது அதைக் கண்டு யாருக்கும் பயம் வரவில்லை. பால் வாங்கப் போகிற தூக்குவாளியின் அளவுதான் இருந்தது. தலையில் ஒரு பச்சை விளக்கு. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அதைத் தூக்கிவந்த அதிகாரி ஜெபமணி நாசரேத் பக்கத்துக்காரர். செருப்பை வாசலில் விட்டு, இயந்திரத்தின் அடித்தூசியையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த மரியாதை அறிவழகனுக்குப் பிடித்திருந்தது.

"இதுக்கு ரெக்கார்டுல வெளிச்சாய்வு அளவின்னு பேரு சார், மனசு வெளிநாட்டுப் பக்கம் சாயுததை அளக்கும். நாங்க சாய்மானின்னு சொல்லுவோம். மூணு நாள் உங்க வீட்டுல ஒரு ஓரமா இருக்கும். சோறு கேக்காது, தண்ணி கேக்காது" என்றார் ஜெபமணி.

விஷயம் இதுதான். அறிவழகனின் ஒரே மகள் நறுமுகைக்குக் கோடியக்கரையில் வேலை கிடைத்திருந்தது. வங்கக் கடலுக்கு அடியில் ஓடுகிற தகவல் வடங்களை எந்த நாட்டுக்காரனும் ஒட்டுக்கேட்காமல் காவல் காக்கிற அரசாங்க மையம். எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் அவள்தான் முதல். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, பாதுகாப்புச் சான்று. வெளிநாட்டுச் சொந்தபந்தம் அளவை மீறியிருந்தால் சான்று கிடையாது. சான்று இல்லையென்றால் வேலை இரண்டாவதாக வந்தவனுக்குப் போய்விடும். முன்பெல்லாம் இதைக் காகிதத்தில் கேட்டார்கள். ஜனங்களும் எழுத வேண்டியதை எழுதி, மறைக்க வேண்டியதை மறைத்தார்கள். இப்போது காகிதம் போய் வாளி வந்திருந்தது.

"எங்க வீட்டுல அளக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்றார் அறிவழகன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "என் சம்சாரத்தோட தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கு. தெனம் வீடியோவுல வரும். அது ஒண்ணுதான் கொஞ்சம் ஒட்டுதல். சித்தப்பா மகன் ஒருத்தன் கனடாவுல பனி அள்ளிக்கிட்டு இருக்கான். அவ்வளவுதான்."

"பினாங்குல?" என்றார் ஜெபமணி.

அறிவழகனின் முகம் சுருங்கியது. "பினாங்குல ஒருத்தரு இருக்காரு. கூடப் பொறந்தவரு. பேரு கலியபெருமாள். பத்தொம்போது வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. அவரு எனக்கு யாரோ, நான் அவருக்கு யாரோ. அந்தப் பக்கம் நீங்க சுத்தமாக் கோடு கிழிச்சுடலாம்."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சுகந்தி டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள்.

ஜெபமணி மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு மெல்லிய காப்பை மாட்டிவிட்டார். "இது உங்க பேச்சைப் பதியாது. யாரு யாருக்குப் போன் பண்ணுதாங்கன்னு பழைய கணக்கோட பாக்கும், அவ்வளவுதான். ஆனா முக்கியமான வேலை வேற. ஒரு காரியத்தை இப்படிச் செய்யலாம்னு நீங்க முடிவு எடுக்கீங்கள்லா, அதுக்குச் சித்த முன்னால மனசுல யாரு வந்துட்டுப் போறாங்கங்கதைப் பிடிச்சிடும். கூடவே பழைய முடிவுகளைப் பத்திக் கேள்வி கேக்கும். நீங்க பதில் சொல்ல வேண்டாம். கேட்டதும் உள்ள ஒரு ஆட்டம் ஆடுமே, அது போதும்."

"நெனைக்கறதை அளந்து என்னங்க பண்ணப்போறீங்க?"

"வெளிநாட்டுல இருக்கிற ஒரு ஆளு உங்க முடிவை எவ்வளவு வளைக்காருன்னு பாக்கணும் சார். வளைக்க முடிஞ்சவன் நாளைக்கு ரகசியத்தையும் கறந்துடலாம் பாருங்க. நூத்துக்கு நாப்பது வரைக்கும் சட்டத்துல இடம் உண்டு. ஒரே குடும்ப அட்டையில இருக்கிறவங்க எல்லாருமே கணக்குல வருவாங்க. யாராவது ஒருத்தர் நாப்பதைத் தாண்டினாலும் பாப்பாவுக்குச் சான்று கிடையாது."

"தாண்டாது" என்றார் அறிவழகன்.

மூன்று நாளும் சாய்மானி கூடத்து அலமாரிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. எப்போதாவது, "வீட்டின் கிழக்கு வேலியில் தென்னை வைத்தது ஏன்?" என்பதுபோல வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில் ஒரு கேள்வி கேட்கும். "தேங்காய்க்குத்தான், வேற எதுக்கு?" என்பார் அறிவழகன். பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். சுகந்தியின் தங்கை வழக்கம்போலத் தினமும் வீடியோவில் வந்தாள். இரண்டு பேரும் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, அவள் அங்கே தொடர் பார்க்க, இவள் இங்கே கீரை ஆய, ஒரு மணி நேரம் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அறிவழகன், "இந்தப் பாசத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கடி. பொண்ணு வேலைக்கு உலை வச்சுடாத" என்று எச்சரித்தார்.

நான்காம் நாள் ஜெபமணி வந்தார். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்தது. சாய்மானி தொண்டையைச் செருமாத குறையாக ஆரம்பித்தது.

"சிங்கப்பூர், சுகந்தியின் தங்கை. ஒன்பது."

"ஒம்போதா?" என்றாள் சுகந்தி. சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது அவளுக்கு.

"கனடா, சித்தப்பா மகன். மூன்று. பினாங்கு, தனலெட்சுமி. பன்னிரண்டு. வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை, சுகந்தியுடன்."

தனலெட்சுமி என்பது கலியபெருமாளின் மனைவி.

"செவ்வாக்கெழமையா?" என்று மெதுவாகத் திரும்பினார் அறிவழகன். "நீ கோயிலுக்குப் போறதாச் சொல்லிட்டுப் போற செவ்வாக்கெழமையா?"

"கோயிலுக்கும்தான் போறேன். பிரகாரத்துல உக்காந்து பேசுவேன்" என்றாள் சுகந்தி. "நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நாங்களும் திருப்பிக்கணுமா? நல்லா இருக்கே ஞாயம்."

"சார், அம்மாவோடது சட்டத்துக்கு உட்பட்டதுதான்" என்று ஜெபமணி இடையில் புகுந்தார். "இனிமேதான் விஷயமே இருக்கு."

"பினாங்கு, கலியபெருமாள்" என்றது சாய்மானி. "அறிவழகனிடம். தொண்ணூற்றொன்று."

அறிவழகன் சிரித்துவிட்டார். "இது ரிப்பேர் சார். பத்தொம்போது வருஷமாப் பேசாத ஆளுகிட்ட ஒட்டுதல் தொண்ணூத்தொண்ணா? இதுல ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க."

ஜெபமணி தட்டவில்லை. சாய்மானி தானாகவே விளக்கம் வாசிக்கத் தொடங்கியது.

"வீட்டின் உயரம் பக்கத்து மனை வீட்டைவிட ஓர் அடி கூடுதல். காரணம், அண்ணன். கிழக்கு வேலித் தென்னை, அண்ணன் வீட்டு மாடியிலிருந்து குளம் தெரியாமலிருக்க. காரணம், அண்ணன். டீக்கடைக்குச் சுற்றுவழி. காரணம், அண்ணனின் பூட்டிய வீடு குறுக்கு வழியில் இருப்பது. மீசை எடுத்தது. காரணம், அண்ணனுக்கும் மீசை. பலாப்பழம் உண்ணாமை. காரணம், அண்ணனுக்குப் பிடிக்கும். ஊர்க் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிராகக் கை தூக்கியது. காரணம், தொட்டிக்குப் பணம் அனுப்பியவர்..."

"போதும், நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அறிவழகன்.

"பலாப்பழம் வாய்வுன்னீங்களே?" என்றாள் சுகந்தி.

"இன்னொண்ணு இருக்கு சார். சட்டப்படி முழுசும் வாசிக்கணும்" என்றார் ஜெபமணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மகளைக் கடல் பொறியியல் படிக்க வைத்தது" என்றது சாய்மானி. "அண்ணன் மகன் பரணி கட்டடப் பொறியியல் படித்ததால், அதைவிடப் பெரிதாக ஒன்று. காரணம், அண்ணன்."

நறுமுகை அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்பா, எனக்குப் பூச்சிங்களப் பத்திப் படிக்கணும்னுதான் ஆசை. நீங்கதான் கடல்ல எதிர்காலம் இருக்குன்னீங்க."

"இருக்குதானம்மா..."

"எதிர்காலத்துக்காகன்னு நெனச்சேன். பெரியப்பாவுக்காகவா?"

அறிவழகன் காப்பு மாட்டிய கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார், அது இன்னும் எதையாவது சொல்லிவிடும் என்பதுபோல.

ஜெபமணி குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க. தெனம் பேசுற உறவு ஒம்போதுதான் காட்டும். பேசாத உறவுதான் இந்த மிஷினுக்கு ஆகாது. உங்க வீட்டுல ஒரு செங்கல் வைக்கணும்னாலும் பினாங்கைக் கேட்டுக்கிட்டுத்தான் வைக்கீங்க. அந்நியச் செல்வாக்குன்னு சட்டத்துல எழுதியிருக்கிறது வேற என்னங்கீங்க?"

"இப்ப என்ன பண்ணலாம்?"

"மறு அளவு ஒருதரம் உண்டு. தை கடைசியில வருவேன். அதுக்குள்ள நாப்பதுக்குக் கீழ இறக்கிடணும். மிஷினை இங்கயே விட்டுட்டுப் போறேன். காலையில காலையில எண் காட்டும்."

அறிவழகன் பிடிவாதக்காரர், ஆனால் மகள் என்றால் உருகிப் போகிற ஆள். அண்ணனை மறந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். விடிந்ததும் அண்ணனை நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பல் துலக்கினார். நினைக்கவில்லை, நினைக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இட்லி சாப்பிட்டார். மறுநாள் காலையில் சாய்மானி தொண்ணூற்றாறு என்றது.

"ஏறிடுச்சுடி!"

"ஏறாம?" என்றாள் சுகந்தி.

பிறகு குறுக்கு வழியில் டீக்கடைக்குப் போய்ப் பார்த்தார். அண்ணன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் குடையை அந்தப் பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டார். மார்கழி மாதம், மழையுமில்லை வெயிலுமில்லை. "குடை. காரணம், அண்ணன்" என்றது சாய்மானி. பலாப்பழம் கிடைக்கிற காலம் இல்லையாதலால், பட்டுக்கோட்டையிலிருந்து பலாச்சுளை வற்றல் வரவழைத்துத் தின்றார். அதற்கும் காரணம் அண்ணன்தான். மீசை வைத்துப் பார்த்தார். அதற்கும் அதே காரணம். செய்தாலும் அண்ணன், செய்யாவிட்டாலும் அண்ணன். ஒரு மனுஷன் எந்தப் பக்கம்தான் திரும்புவான்?

நறுமுகை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அவரை வாட்டியது. மையத்திலிருந்து வந்த பயிற்சிப் பாடங்களைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், வேலை கிடைத்துவிட்டதுபோலவே. ஒருநாள் அவர் அருகில் போய் நின்றார்.

"இன்னும் பூச்சிதான் புடிக்குமாம்மா?"

"இல்லப்பா. இப்ப கடல்தான் புடிக்குது. படிக்கப் படிக்கப் புடிச்சுப்போச்சு. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். வெளியில் போகிற எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வெற்றுடம்போடு அண்ணனிடம் பேச அவருக்கு மனம் வரவில்லை.

"சுகந்தி, உன் செவ்வாக்கெழமைச் சிநேகிதிக்குப் போன் போடு."

சண்டையின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வம்சத்துக்குக் குலதெய்வம் ஊர் எல்லை வீரனார். ஆடியில் கிடா வெட்டுவார்கள். வெட்டிய கிடாவின் தலைக்கறி வம்சத்தில் மூத்த ஆண்பிள்ளையின் இலைக்குப் போக வேண்டும், அதுதான் முறை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் அதற்கென்றே கலியபெருமாள் பினாங்கிலிருந்து வந்து பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பரிமாறியவர் அறிவழகன். தலைக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அண்ணன் இலையைத் தாண்டிப் போய், அடுத்த இலையில் வைத்தார். அடுத்த இலை சுகந்தியின் அண்ணனுடையது. உடன்பிறந்தவனை விட்டுவிட்டு மைத்துனனுக்கு! கலியபெருமாள் போட்ட சோறு போட்டபடி இருக்க எழுந்தார். நேராகத் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அப்புறம் வீரனாருக்குக் கிடா வெட்டவே இல்லை. மூத்தவன் இல்லாமல் வெட்டக் கூடாது; மூத்தவனைக் கூப்பிடவும் ஆளில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். சுகந்தி கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் தனலெட்சுமி. பக்கத்தில் யாரோ செருமுவதும் கேட்டது. வேலைநாள் மத்தியானத்தில் அண்ணன் வீட்டில் என்ன செய்கிறார் என்று அறிவழகனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது, தட்டியதோடு போய்விட்டது.

"சுகந்தி, அந்த ஆளு இருக்காரான்னு கேளு" என்றார் அறிவழகன்.

"தனம், அந்த ஆளு இருக்கேன்னு சொல்லு" என்றது பினாங்கு.

"சௌக்கியமான்னு கேளு."

"செத்துப்போகலைன்னு சொல்லு. யாரு புண்ணியத்துலயும் இல்லைன்னும் சொல்லு."

"ரெண்டு பேரும் எங்க மேல ஏறி மிதிக்காம நேராப் பேசக் கூடாதா?" என்றாள் சுகந்தி.

"தனம்" என்றது பினாங்கு, குரல் ஏறி, "ஆட்டுத்தலையை மச்சானுக்குத் தூக்கி வச்சவன்கிட்ட நேராப் பேசறதுக்கு எனக்கு என்ன இருக்குன்னு கேளு. ஏன் வச்சான்னு கேளு. பத்தொம்போது வருஷமா நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்லா, ஒண்ணும் புரியல."

அறிவழகன் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "அடைப்புக்கு நெஞ்சுல கம்பி வச்ச மனுஷன் ஆட்டு மூளை திங்கலாமான்னு கேளு."

பினாங்கில் எங்கோ பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போவது மட்டும் கேட்டது.

"கம்பி வச்சது யாருக்கும் தெரியாதே" என்றார் கலியபெருமாள், கடைசியில். "நான் ஊர்ல ஒரு ஜீவன்கிட்டச் சொல்லல. யாரு சொன்னா?"

"அண்ணிதான்."

"தனம்!"

"பின்ன என்ன?" என்று தனலெட்சுமியின் குரல் எகிறியது. "டாக்டர் கொழுப்பு மோந்துகூடப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாரு. நீங்க ஆட்டுத்தலைக்காகப் பிளேன் ஏறுறீங்க. கொழுந்தன்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது? சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கடிச்சுத் துப்பிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள் சுகந்தி, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

இனி மனைவிமார் வழியாகப் பேசுவதில் அர்த்தமில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"டேய்" என்றார் கலியபெருமாள். "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நூறு பேரு உக்காந்திருக்கற பந்தியில உனக்கு நெஞ்சுல கம்பின்னு கூவச் சொல்றியா? நீதானே யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வச்சிருந்தே?"

"அப்பறமாவது சொல்லலாம்ல?"

"ஏன்டா வச்சேன்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லையே."

"பெரியவன் நான் கேப்பனா?"

"சின்னவன் நான் கேக்காம சொல்வனா?"

கலியபெருமாள் செருமிக்கொண்டு, "அந்தத் தலையை உன் மச்சானாவது ஒழுங்காத் தின்னானா?" என்று கேட்டார்.

"அவனுக்கு மூளை புடிக்காதுண்ணே. இலையிலயே ஒதுக்கிட்டான்."

பினாங்கிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பழைய சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்குகிற சிரிப்பு. அறிவழகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சட்டை போட்டது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சட்டைக் கை இருந்தது.

மறுநாள் சாய்மானி அறுபத்துநான்கு என்றது. அதற்கடுத்த வாரம் முப்பது. நறுமுகை எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டைச் சுற்றி ஓடி வந்தாள். அண்ணனும் தம்பியும் தினமும் பேசிக்கொண்டார்கள். முதல் சில நாள் பேச்சு பழைய கதைகளாக ஓடியது: குளத்தில் முழுகியது, பம்புசெட்டில் மாட்டியது, அப்பாவிடம் வாங்கிய அடி. அவை தீர்ந்த பிறகு கலியபெருமாள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இடது கால் வலியை அரை மணி நேரம், வலது கால் வலியை அரை மணி நேரம். அறிவழகன் கைபேசியைச் செம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டே "ம்" கொட்டினார். குறுக்கு வழியில் குடை இல்லாமல் டீக்கடைக்குப் போய்வந்தார். அந்த வீட்டைத் தாண்டுவது அவருக்கு ஞாபகமே வருவதில்லை.

தை கடைசியில் ஜெபமணி வந்தார். இந்தத் தடவை சுகந்தி அவருக்கு அதிரசம் வைத்தாள்.

"பினாங்கு, கலியபெருமாள்" என்றது சாய்மானி. "நான்கு."

நறுமுகை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஜெபமணி அங்கேயே சான்றுக்கு ஒப்புதல் கொடுத்து, "வாழ்த்துக்கள் பாப்பா, திங்கக்கெழமை கோடியக்கரைக்குப் போயிடலாம்" என்றார். எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது, ஒருவர் முகம் தவிர.

"எவ்வளவுங்க?" என்றார் அறிவழகன்.

"நாலு சார்."

"நாலுதானா?"

"கனடாவை விட ஒண்ணு கூட."

"என்னங்க பேசறீங்க? பனி அள்ளறவனுக்கு மூணு, எங்க அண்ணனுக்கு நாலா? ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார் நாங்க. அம்மை போட்டப்ப ஒரே பாயில படுத்தவங்க. வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

"வெளியில தெரியாது சார், ரகசியம்."

"எனக்குத் தெரியுதே!" அறிவழகன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க பாருங்க. நாப்பது வரைக்கும் எடமிருக்குன்னீங்க. ஒரு முப்பத்தொம்போதாப் போட்டுடுங்க. சட்டத்துக்கும் குத்தமில்ல, எனக்கும் கௌரவம்."

"அப்பா!" என்றாள் நறுமுகை.

ஜெபமணி அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டார். எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். எண்ணைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினவர்களைப் பார்த்திருக்கிறார். ஏற்றச் சொல்லிக் கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறார். "சார், கோவம்னா முடிவை வளைக்கும். மனசு ஆறிப்போச்சுன்னா வளைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் நாலு."

"அப்ப பாசத்துக்கு எத்தனை?"

"அது எங்க இலாகாவுல வராது சார்."

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. பினாங்கு. முழங்கால்தான் என்று நினைத்து அறிவழகன் ஒலிபெருக்கியில் போட்டுச் செம்பின்மேல் சாய்த்தார்.

"டேய்" என்றார் கலியபெருமாள். "உனக்கு எவ்வளவு காட்டுச்சு?"

"எது?"

"தெரியாத மாதிரி நடிக்காத. அங்க வந்திருக்கற வாளி இங்கயும் வந்திருக்கு. நம்ம பரணிக்கு இங்க கடற்படைத் தளத்துல கட்டட வேலை. உன்னாலதான் நிக்குதுன்னு சொல்லிட்டானுங்க. பேசினாத்தான் எறங்கும்னு வேற சொன்னானுங்க. நானே உனக்குப் போன் போடறதுன்னு லீவு எடுத்துக்கிட்டு மூணு நாளாத் தனத்தோட போனை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ முந்திக்கிட்டே."

முதல் மணியில் எடுத்ததன் ரகசியம் அறிவழகனுக்கு இப்போது விளங்கியது. கோபம் வரப் பார்த்தது. ஆனால் மகள் வேலைக்காகச் சட்டை போட்டுக்கொண்டு போனில் உட்கார்ந்த மனுஷனுக்குக் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது?

"உனக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்றார் பதிலுக்கு.

"நீ சொல்லு மொதல்ல."

"பெரியவன் நீ சொல்லு."

பினாங்கு ஒரு நொடி தயங்கியது. "முப்பத்தெட்டு."

"எனக்கு முப்பத்தொம்போது" என்றார் அறிவழகன், கண்ணைச் சிமிட்டாமல். சுகந்தி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

"நெஜமாவாடா?" என்றார் கலியபெருமாள். "சரி, சரி. இந்த ஆடிக்கு வரேன். கெடா வெட்டிடுவோம். தலையை நீயே தின்னு, நான் பாக்கறேன். ஆடு மட்டும் கருப்பா இருக்கணும்."

"கொட்டாயில செவலைதாண்ணே நிக்குது."

"வீரனாருக்குச் செவலையா? உனக்கு என்ன புத்தி பிசகிடுச்சா? அப்பா காலத்துலேர்ந்து கருப்பு."

"அப்பா ஒரு தடவை செவலை வெட்டியிருக்காரு. நீ அப்ப பினாங்குல இருந்தே."

"நான் இருந்தேன்!"

"இல்ல!"

ஜெபமணி கிளம்புவதற்காகக் காப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறிவழகனின் கைக்கு இன்னும் வரவில்லை. அலமாரிப் பக்கமிருந்து பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

"செவலைக் கிடா" என்றது சாய்மானி, வீடே கேட்கும்படியாக. "காரணம், அண்ணன். ஐந்து."

பினாங்குக்கும் அது கேட்டுவிட்டது.

"டேய். இப்ப யாரு அங்க அஞ்சுன்னது?"

அறிவழகன் இயந்திரத்தை முறைத்தார். அது ஒன்றும் அறியாததுபோல உட்கார்ந்திருந்தது.

"முப்பத்தொம்போதுன்னியேடா?"

"ஏறிக்கிட்டு இருக்குண்ணே" என்றார் அறிவழகன்.

யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்ல வந்தது கலியபெருமாளின் குரல். "இங்க மூணுடா."

நறுமுகைக்குத்தான் பதைப்பு. "சார், அஞ்சாயிடுச்சே, ஏதும் ஆயிடாதே?" என்று ஜெபமணியைக் கேட்டாள்.

"பயப்படாதீங்க பாப்பா" என்றார் அவர், மீதி அதிரசத்தை எடுத்துக்கொண்டு. "நாப்பது வரைக்கும் சட்டத்துல இடமிருக்கு. வருஷத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கிடுதேன்."

அறிவழகன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பேப்பரை மடித்துத் தூர வைத்தார். கைபேசியைச் செம்பிலிருந்து எடுத்துக் கையில் பிடித்து, நாற்காலியில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, செவலைதான் வெட்டுவேன். என்ன பண்ணுவே?"